கர்ணன் குந்திய மன்னிச்சானா?

தம்பி, நீ கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்குது. 1964ல பந்துலு எடுத்த கர்ணன் படத்துல, சிவாஜி பண்ண கர்ணன் குந்திய நெஜமாவே மன்னிச்சுட்டானா, இது மொதல் கேள்வி. உன்ன ஆறு வயசுல குடியாத்தத்துல ஆயா வீட்ல விட்டுட்டு பெங்களூர் போய் வேற குடும்பம் ஆகிட்ட உங்கம்மா இத்தன வருஷம் கழிச்சு வந்து நிக்கறாங்க, அவங்க சின்னப் பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முடியல, நீ கொஞ்சம் பாத்துக்கன்னு கேக்கறாங்க, மாமா பெரிப்பா எல்லாம் உக்காந்துகினு "இன்னா இருந்தாலும் பெத்தவ, கர்ணன் மாதிரி நடந்துக்கடா"ன்றாங்க, ஆயா மட்டும் வாயே தொறக்கல, நான் இன்னா பண்றதுன்றது ரெண்டாவது கேள்வி.

நான் கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. பொறந்தது கலவை பக்கம் ஒரு கிராமம், இப்ப இருக்கறது வேலூர் சத்துவாச்சாரி. எங்க ஊர் திரௌபதி அம்மன் திருவிழான்னா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரில கூத்து, அத கேட்டுகினே வளந்தவ. படத்த சின்ன வயசுல டூரிங் டாக்கீஸ் மண்ணுல உக்காந்தும் பாத்திருக்கேன், 2012ல டிஜிட்டல் பண்ணி மறுபடி ரிலீஸ் பண்ணப்போ தியேட்டர்லயும் பாத்திருக்கேன். மொதல் கேள்விக்கு என் பதில், இல்ல. கர்ணன் குந்தி கேட்டத குடுத்தான், அவ்ளோதான். மன்னிப்பு அவன்கிட்ட யாருமே கேக்கல, கேக்காதத அவன் எப்பிடி குடுப்பான்?

இத சொன்னா நெறைய பேருக்கு கோவம் வரும், ஏன்னா அந்த சீன் அப்பிடி. எம்.வி.ராஜம்மா குந்தியா வந்து நிக்கறாங்க, சிவாஜி உருகறாரு, தியேட்டர்ல அழாத ஆள் இருக்க மாட்டாங்க, நானும் அழுதிருக்கேன். ஆனா அழுது முடிச்சிட்டு யோசிச்சுப் பாரு, குந்தி அங்க எதுக்கு வந்தா? போர் நிச்சயம் ஆகிடுச்சு, கிருஷ்ணர் சொல்லி அனுப்பறாரு, வந்தா. ரெண்டு வரம் கேக்கறா. ஒண்ணு, அர்ஜுனன் மேல நாகாஸ்திரத்த ஒரு தடவைக்கு மேல விடக் கூடாது. இன்னொண்ணு, மத்த நாலு பசங்கள கொல்லக் கூடாது. ரெண்டும் மத்த புள்ளைங்களுக்காக. அவ அழறதுல பொய் இல்ல, துடிக்கறதுலயும் பொய் இல்ல, ஆனா பேச்சு போய் நிக்கற எடம் வரம். கர்ணனுக்கு இன்னா வேணும்னு அவ கேக்கல, அவனா தான் கேட்டு வாங்கறான். அவன் கேட்டது இன்னா தெரியுமா, நான் உயிரோட இருக்கற வரைக்கும் இத யார்கிட்டயும் சொல்லாத, நான் செத்து விழும்போது எல்லாருக்கும் முன்னாடி வந்து என்ன மடில போட்டுகினு மகனேன்னு சொல்லி அழு. வில்லிபுத்தூரார் தமிழ்ல பாடின வில்லிபாரதத்துல இன்னும் ஒரு படி மேல, அந்த நேரத்துல எனக்கு உன் பால் குடுன்னு கேக்கறான். நாட்ட கேக்கல, அண்ணன்ற மரியாதைய கேக்கல, சபை நடுவுல இவன் என் புள்ளன்னு ஒரு தடவ சொல்லுன்றான். பெத்தவங்க விட்டுட்டுப் போன புள்ளைங்க மனசுல இருக்கறது இதுதான் தம்பி, வேற எதுவும் இல்ல. இத நான் டீச்சரா இருந்தப்போ ஆயா வீட்டுலயும் ஹாஸ்டல்லயும் வளந்த எத்தனையோ புள்ளைங்ககிட்ட பாத்துட்டேன்.

இப்ப வியாசர் எழுதின மூல பாரதத்துக்கு வா, அங்க இதே சீன் வேற மாதிரி இருக்குது, உங்க மாமா பெரிப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்காது. உத்தியோக பருவத்துல வருது. கர்ணன் கங்கைக் கரையில சூரியன பாத்து ரெண்டு கையும் தூக்கி ஜெபம் பண்ணிகினு இருக்கான். குந்தி பின்னாடி வந்து நிக்கறா. வெயில் தாங்கல, வாடிப் போன தாமர மால மாதிரி இருக்கா, அவன் மேல்துணி விழுந்த நெழல்லயே ஒதுங்கி நிக்கறா, அவன் முடிக்கற வரைக்கும். பெத்த காலத்துல அவனுக்கு ஒரு நெழலும் குடுக்காதவ அவன் துணி நெழல்ல நிக்கறா, வியாசர் இத விளக்கமெல்லாம் சொல்லல, சொல்லிட்டு அப்பிடியே போயிட்டாரு. கர்ணன் முதுகு சுடற வரைக்கும் ஜெபம் பண்ணிட்டு திரும்பறான், பாக்கறான், கும்பிடறான். எப்பிடி தன்ன சொல்லிக்கறான் தெரியுமா? நான் ராதேயன், ராதைக்கும் அதிரதனுக்கும் புள்ள, உனக்கு இன்னா வேணும்னு கேக்கறான். அவங்க ரெண்டு பேரும் தான் அவன எடுத்து வளத்தவங்க. இதுல கவனிக்க வேண்டியது இன்னான்னா, அதுக்கு முன்னாடியே கிருஷ்ணர் தேர்ல ஏத்திகினு போய் அவன்கிட்ட பொறப்பு ரகசியத்த சொல்லிட்டாரு. தெரிஞ்சும் அவன் ராதேயன்னு தான் சொல்றான். வேணும்னே சொல்றான்.

குந்தி நீ என் புள்ளன்னு சொல்றா, சூரியனே மேல இருந்து உங்கம்மா சொல்றது சத்தியம், அவ சொல்படி நடன்றாரு, அப்பவும் அவன் கரையல. நீ என்ன தூக்கிப் போட்டது எனக்கு பண்ண கெடுதல வேற எந்த எதிரியும் பண்ணல, அம்மாவா நீ இத்தன நாள் ஒண்ணும் செய்யல, இப்ப உன் நல்லதுக்காக என்கிட்ட வந்திருக்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். அப்புறம் தான் அர்ஜுனன தவிர மத்த நாலு பேர கொல்ல மாட்டேன், எப்பிடியும் உனக்கு அஞ்சு புள்ள மிஞ்சும்னு வாக்கு குடுக்கறான். அவ நடுங்கிகினே கட்டிப் புடிக்கறா. ரெண்டு பேரும் வேற வேற வழியில போயிட்டாங்கன்னு வியாசர் முடிக்கறாரு. அதாவது கோவத்தையும் சொன்னான், உதவியும் பண்ணான், ஒண்ணாவும் சேரல. மூணும் ஒரே ஆள் ஒரே நேரத்துல பண்ண முடியும்னு அந்தக் காலத்துலயே எழுதி வெச்சிட்டாங்க.

நம்ம தமிழ்ல வில்லிபுத்தூரார் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவுல நாலாயிரத்துக்கு மேல பாட்டா பாரதத்த பாடினப்போ அந்தக் கோவம் கொறைஞ்சு பாசம் ஏறிடுச்சு. அங்க ஒரு துணி வருது, தேவர்கள் குடுத்தது, நான் தான் உன் அம்மான்னு பொய் சொல்லிகினு வர பொம்பளைங்க அத மேல போட்டா எரிஞ்சு போயிடுவாங்க. ஏற்கெனவே பல பேர் வந்து அப்பிடி எரிஞ்சு போயிருக்காங்க. ராஜாவா ஆகிட்டவனுக்கு அம்மான்னு சொல்லிகினு எத்தன பேர் வந்திருப்பாங்க, அவனும் ஒவ்வொரு தடவையும் இவங்களா இருக்குமோன்னு எதிர்பாத்துகினு துணிய எடுத்து நீட்டி இருப்பான். குந்தி அத போட்டு நிக்கறா, எரியல, பால் சொரக்குது. அப்ப அவன் அடையற சந்தோஷத்த வில்லி எழுதறப்போ நமக்கும் கோவம் மறந்துடுது. படம் எடுத்தவங்களும் இந்த தமிழ் வழியில தான் போனாங்க, அதனால தான் சிவாஜிக்கு வந்த வேகத்துல கோவம் கரைஞ்சு போயிடுது.

ஆனா ஒண்ணு பாரு. நாகாஸ்திரத்த ஒரு தடவ தான் விடணும்ன்ற வரம் வியாசர்ல கெடையாது. அங்க கர்ணன் தன் வீராப்புக்காக, ஒரே அம்ப ரெண்டாவது தடவ விட மாட்டேன்னு, அந்த அம்புல ஏறி வந்த பாம்ப திருப்பி அனுப்பறான். தமிழ்ல தான் அது அம்மா வாங்கின வரம். அப்ப தமிழ்ல கர்ணன் சாவுக்கு காரணமான கைல அம்மா கையும் ஒண்ணு. பாசத்த அதிகம் பண்ணவங்களே வெலையையும் அதிகம் பண்ணாங்க, இத நம்ம பெரியவங்க தெரியாம பண்ணி இருக்க மாட்டாங்கன்னு தான் நான் நெனக்கறேன். கர்ணன் மாதிரி இருன்னு உன்கிட்ட சொல்றவங்க, கர்ணன் அதுக்கு உயிர குடுத்தான்றத சேத்து சொல்றாங்களா?

இன்னொரு விஷயம், வில்லில குந்தி வா, உன் தம்பிங்களோட வந்து சேந்துக்கன்னு கூப்பிடறப்போ கர்ணன் மறுத்து சொல்ற காரணம். துரியோதனன் பொண்டாட்டியோட இவன் சொக்கட்டான் ஆடிகினு இருந்தப்போ அவ இடுப்புல கட்டின மேகல மணி அறுந்து சிதறிடுது, அந்த நேரத்துல துரியோதனன் உள்ள வரான், சந்தேகப்படல, "எடுக்கவோ கோக்கவோ"ன்னு கேக்கறான். படத்துலயும் சாவித்திரியும் சிவாஜியும் பண்ண அந்த சீன் எல்லாருக்கும் தெரியும். அத எங்க கொண்டாந்து வில்லி வெக்கறாரு பாரு, பெத்த அம்மா முன்னாடி. பெத்தவ பழிக்கு பயந்து ஆத்துல விட்டா, சேக்காளி கண்ணால பாத்தும் பழி சொல்லல. செஞ்சோத்துக் கடன்னு நாம சொல்றதுக்குள்ள இது இருக்குது. வியாசர்ல அவன் இன்னும் கீழ எறங்கி கிருஷ்ணர்கிட்ட சொல்றான், என்ன கையில வாங்கின அன்னிக்கே ராதைக்கு பாசத்துல பால் சொரந்துச்சு, என் மூத்திரத்தையும் பீயையும் அள்ளினவ அவ, அவளுக்கு போட வேண்டிய பிண்டத்த நான் எப்பிடி நிறுத்துவேன்னு. உங்க ஆயா வாய தொறக்கலன்னு எழுதி இருந்த பாரு, அத படிச்சதும் எனக்கு இந்த எடம் தான் ஞாபகம் வந்துச்சு. அவங்க தான் உனக்கு ராதை. உங்கம்மா அவங்களுக்கு பொண்ணா மருமகளான்னு நீ சொல்லல, யாரா இருந்தாலும் மொதல்ல பேச வேண்டியது அவங்ககிட்ட தான்.

சரி கூத்துக்கு வரேன், எனக்கு படத்த விட இது தான் பெரிசு. நம்ம வட ஆற்காட்டுல, செய்யாறு ஆரணி வந்தவாசி கலவை ஆற்காடு பக்கமெல்லாம், கர்ண மோட்சம் கூத்த திருவிழால மட்டும் ஆட மாட்டாங்க, சாவு காரியத்துக்கும் ஆடுவாங்க. கருமாதிக்கு மொத நாள் ராத்திரி. செத்தவங்களுக்கு மோட்சம் கெடைக்கும்னு ஒரு நம்பிக்க. ஆனா காரியத்துக்கு யார் வருவாங்க? பங்காளிங்க வருவாங்க, சம்பந்திங்க வருவாங்க, சொத்துல சண்ட போட்டு பேச்சு வார்த்த இல்லாம இருந்தவன் வருவான், நல்லது கெட்டதுக்கு கூட போக்குவரத்து இல்லாத அண்ணன் தம்பி வருவான். அவங்க எல்லாரையும் ஒரே பந்தல்ல விடிய விடிய உக்கார வெச்சு, பெத்தவளே விட்டுட்ட ஒருத்தன் கதைய ஆடறாங்க. வேற எந்தக் கதையும் ஆடலாம் தானே, ஏன் இந்தக் கதைன்னு யோசி.

எங்க சொந்தத்துலயே ஒரு காரியத்துல நடந்தது. செத்தவரோட மூத்த மகன் ஜாதி விட்டு கல்யாணம் பண்ணிகினான்னு அப்பாவே வீட்ட விட்டு அனுப்பிட்டாரு, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில வேல பாத்துகினு அங்கயே இருந்துட்டான். சாவுக்கு வந்து கொள்ளி வெச்சான், ஆனா ஊர்ல யாரும் அவன்கூட சரியா பேசல, கூத்து அன்னிக்கு பந்தலுக்குள்ள கூட வராம ஜெனரேட்டர் பக்கமா நின்னுகினு இருந்தான். நாங்க பொம்பளைங்க முன்னாடி பாய்ல உக்காந்திருந்தோம். விடியற நேரம், கர்ணன் விழுந்து கெடக்கறான், குந்தி வேஷக்காரர் மாரடிச்சுகினு ஓடி வந்து மடில தூக்கி வெச்சு பாடறாரு, முகவீணை சத்தத்தோட அந்த பாட்டு வந்துச்சுன்னா கல்லு மனசும் நிக்காது, எங்க பொம்பளைங்க எல்லாம் கூட சேந்து ஒப்பாரி எடுத்துட்டாங்க. அப்ப இந்த மூத்த மகன் நேரா ஆடற எடத்துக்கு போய், கூத்துல கோமாளியா வந்து கதைய நடத்தற கட்டியங்காரன் கையில நூறு ரூபா குடுத்து காதுல ஏதோ சொன்னான். கூத்துல பணம் குடுத்தா பேர் சொல்லி வாழ்த்துவாங்க இல்ல, அது வழக்கம். கட்டியங்காரன் மைக்ல செத்தவர் பேர சொல்லி, "அன்னாரின் மூத்த புதல்வர் அன்பளிப்பு"ன்னு சொன்னாரு. மூத்த புதல்வர்ன்ற வார்த்த ஊரே கேக்க ஸ்பீக்கர்ல போச்சு. அவன் பந்தல் கால புடிச்சுகினு "நைனா, நைனா"ன்னு அழுதான். அவனோட சித்தப்பா போய் தோள்ல கை போட்டு கூட்டிகினு வந்து முன்னாடி உக்கார வெச்சாரு. செத்தவர் வாயால வர வேண்டிய வார்த்த, கடைசில கூலிக்கு ஆட வந்தவர் வாயால வந்துச்சு, அது கூட அவனுக்கு போதுமா இருந்துச்சு. மறு நாள் எழவு மொட்ட அவனும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து தான் போட்டாங்க.

கூத்துல இன்னொரு பெரிய எடம் பொன்னுருவி. படத்துல கர்ணன் பொண்டாட்டி சுபாங்கி, தேவிகா பண்ணாங்க, அவன் மனசு ஒடைஞ்சு போறப்போ "கண்ணுக்குக் குலமேது"ன்னு பாடி தேத்தற பொண்ணு. கூத்துல வர பொன்னுருவி அப்பிடியே நேர் எதிர். தேரோட்டி மகன எனக்கு கட்டி வெச்சுட்டாங்கன்னு அவ வாழ்க்க முழுக்க அவன ஏளனமா தான் நடத்தறா. பதினேழாம் நாள் போருக்கு கெளம்பறப்போ கர்ணன் விட சொல்லிட்டு போக வரான், அவ மூஞ்சி குடுக்க மாட்டேன்றா. ரெண்டு பேருக்கும் நடக்கற தர்க்கம் மணிக்கணக்கா போகும், புருஷன் பொண்டாட்டி சண்ட எப்பிடி இருக்குமோ அப்பிடியே இருக்கும், பெரிய பெரிய வாத்தியாருங்க தன் தெறமைய காட்டறதே இதுல தான். கடைசில அவன் நான் குந்தி புள்ளன்னு சொல்றான், அவ அழுது கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறா, போகாதன்னு கெஞ்சறா. ஆக இந்தக் கதைல வாய தொறந்து மன்னிப்பு கேட்டது பெத்தவ இல்ல, பொண்டாட்டி. எனக்கு இதுல ஒரு நெருடல் எப்பவும் உண்டு, அவன் ஒசந்த குலம்னு தெரிஞ்சப்புறம் தான் அவ மனசு மாறுது, தேரோட்டி மகனாவே இருந்திருந்தா மாறி இருப்பாளா? இருந்தாலும் தான் பண்ணது தப்புன்னு அவ சொல்றா, அவனும் கேட்டுகினு அவள தூக்கி நிறுத்தறான், மன்னிப்புன்னா அங்க நடக்கறது தான். அத முழுசா பாக்கணும்னா பங்குனில இருந்து வைகாசி வரைக்கும் நம்ம பக்கம் திருவிழா நடக்கற எந்த ஊருக்காவது போ.

குந்திய நான் கொறைச்சு பேசறேன்னு நெனக்காத. அவ பக்கமும் ஒரு கத இருக்குது, நெறைய பேர் சொல்றதில்ல. குந்தியோட சொந்த பேர் பிருதை, சூரசேனன் பொண்ணு. பந்து வெளையாடற வயசுல அவங்கப்பா அவள குந்திபோஜன்ற ராஜாவுக்கு தத்து குடுத்துட்டாரு. கிருஷ்ணர் தூது வந்தப்போ அவ தன் கஷ்டத்த எல்லாம் சொல்லி அழுவா, அதுல யார குத்தம் சொல்றா தெரியுமா? துரியோதனன இல்ல, என்ன தானமா தூக்கி குடுத்த எங்கப்பாவ தான் சொல்லணும்ன்றா. பேரன் பேத்தி எடுத்த வயசுல, அவளே தன்ன குடுத்துட்ட அப்பாவ மன்னிக்கல. அப்பிடிப்பட்டவ தான் கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்த கொழந்தைய பொட்டில வெச்சு ஆத்துல விட்டது. இது அவ பண்ணத சரின்னு ஆக்காது, ஆனா ஒரு வயசுப் பொண்ணு அந்த காலத்துல எவ்ளோ பயந்திருப்பான்றது தெரியும். உங்கம்மா எதுக்கு போனாங்க, போறப்போ அவங்களுக்கு இன்னா வயசு, யார் அனுப்பினாங்க, இல்ல தானா போனாங்களா, உனக்கு தெரியுமா? தெரியலன்னா கேளு. படத்துக் கர்ணனுக்கு அழறதுக்கு தான் நேரம் இருந்துச்சு. உனக்கு நேரம் இருக்குது.

போர் முடிஞ்சு கங்கைல தர்ப்பணம் விடறப்போ தான் குந்தி கர்ணனுக்கும் விடுங்க, அவன் உங்க அண்ணன்னு பாண்டவங்ககிட்ட சொல்றா. தர்மரே தாங்கல, தர்மர்னு பேர் வெச்சவரே, இனிமே பொம்பளைங்க மனசுல ரகசியம் நிக்காம போகட்டும்னு சாபம் குடுக்கறாரு. போருக்கப்புறம் பதினஞ்சு வருஷம் கழிச்சு குந்தி புள்ளைங்க ராஜ்யத்த விட்டுட்டு திருதராஷ்டிரன் காந்தாரி கூட காட்டுக்கு போயிடறா. அங்க வியாசர் வந்து உனக்கு இன்னா வேணும்னு கேக்கறப்போ அவ சொல்றது கர்ணன் விஷயம் தான், எல்லாருக்கும் முன்னாடி முழுசா ஒத்துக்கறா, அவன ஒரு தடவ பாக்கணும்ன்றா. வியாசர் செத்தவங்கள எல்லாம் ஒரு ராத்திரிக்கு கங்கைல இருந்து எழுப்பறாரு, அங்க கர்ணனும் பாண்டவங்களும் கட்டிப் புடிச்சு ஒண்ணாகறாங்க. அவ ஒத்துகினப்புறம் தான் அந்த ராத்திரி வருது, வரிசைய கவனி. படம் கர்ணன் சாவோட முடிஞ்சுடறதால இந்த பாகம் நம்மள்ல பல பேருக்கு தெரியாமயே போயிடுச்சு.

இப்ப உன் விஷயம். உதவியையும் மன்னிப்பையும் ஒரே முடிச்சா போடாத. சொந்தக்காரங்க அப்பிடி தான் போட பாப்பாங்க, நீ பணம் குடுத்தா அவன் மன்னிச்சுட்டான்னு பேசி முடிச்சுடுவாங்க, குடுக்கலன்னா கல்நெஞ்சன்னு சொல்லுவாங்க. ரெண்டும் இல்லன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்குது. குடுக்கணும்னு தோணுச்சுன்னா, இது தம்பி படிப்புக்கு, நமக்குள்ள இருக்கறது இன்னும் அப்பிடியே தான் இருக்குதுன்னு அவங்ககிட்டயே நேரா சொல்லிட்டு குடு. வியாசர் கர்ணன் அத தான் பண்ணான். குடுக்க மனசு வரலன்னா குடுக்காத, அதுக்காக ராத்திரி தூக்கத்த கெடுத்துக்காத. கோவம் இருந்தா அத அடக்கி வெச்சுகினு சிரிச்சுப் பேசணும்னு உனக்கு எந்த கட்டாயமும் இல்ல.

உங்கம்மாகிட்ட ஒண்ணு மட்டும் கேளு. அவங்க பெங்களூர் வீட்ல, அந்த பையனுக்கு, அவங்க வீட்டுக்காரருக்கு, நீ ஒருத்தன் இருக்கறது தெரியுமா? உன்ன அவங்க எங்கயாவது என் மூத்த புள்ளன்னு சொல்லி இருக்காங்களா? சொல்லி இருந்தா அது ஒரு பெரிய விஷயம், கர்ணனுக்கு உயிரோட இருக்கறப்போ கெடைக்காதது. சொல்லலன்னா, மொதல்ல அத சொல்லச் சொல்லு, ஆயா முன்னாடியும் உங்க மாமா பெரிப்பா முன்னாடியும் நான் இவன விட்டுட்டு போனது தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல முடியுமான்னு கேளு. இதுல உனக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அவ்ளோ பெரிய வீரன் கேட்டது அது ஒண்ணு தான். அவங்க முடியாதுன்னா உனக்கு பதில் கெடைச்சுடுச்சு.

அந்த பையன் மேல மட்டும் கோவத்த காட்டாத. பாண்டவங்களுக்கு தெரியவே தெரியாது, தெரிஞ்சிருந்தா தர்மர் ராஜ்யத்தையே தூக்கி அண்ணன்கிட்ட குடுத்திருப்பாருன்னு கர்ணனே கிருஷ்ணர்கிட்ட சொல்றான், அவர்கிட்ட சொல்லிடாதன்னும் சேத்து கேட்டுக்கறான். அம்மா மூலமா தான் பேசணும்னு எதுவும் இல்ல, அவன் போன் நம்பர வாங்கி நீயே ஒரு தடவ பேசிப் பாரு. ஃபீஸ் விஷயத்துல முழு பாரமும் உன் தலைல விழணும்னும் இல்ல, வித்யாலக்ஷ்மி போர்ட்டல்ல எஜுகேஷன் லோனுக்கு அப்ளை பண்ணலாம், ஏழரை லட்சம் வரைக்கும் பொதுவா சொத்து அடமானம் கேக்க மாட்டாங்க. அம்மாவோ அப்பாவோ கூட கையெழுத்து போடணும், அவங்க வீட்டுக்காரர் இருக்காரு இல்ல, அவர் போடட்டும். அதுக்கும் மேல நீ ஏதாவது பண்ணனும்னு நெனச்சா பணத்த யார் கையிலயும் குடுக்காம காலேஜ் பேர்லயே கட்டி, ரசீத அந்த பையனுக்கு வாட்ஸப்ல அனுப்பு, உன் பேரோட.